அக்காவின் வெள்ளோட்டம்

என் அக்காவுக்கு இரண்டு மாப்பிள்ளைகள். இதை நான் சொல்லவில்லை, அவளைக் கட்டிக்கொண்ட மாமாவே சொல்வார். மாமா பஸ் ஓட்டுகிறவர். "மூத்த மாப்பிள்ளைக்கு நாலு காலு, எனக்கு ரெண்டு. மரியாதையும் அந்தக் கணக்குலதான் கெடைக்குது" என்று சாப்பிடும்போது சலித்துக்கொள்வார். அக்கா காதில் வாங்கிக்கொள்ளவே மாட்டாள்.

நாலுகால் மாப்பிள்ளை ஒரு செம்பழுப்புக் குதிரை. காகிதத்தில் அவனுக்கு வாயில் நுழையாத பெரிய பெயர் ஒன்று இருந்தது. லாயத்தில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளைதான். வாளியில் தண்ணீர் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதைக் கொட்டிவிட்டு அவன் கண்ணெதிரே மறுபடி பிடித்து வைத்தால்தான் குடிப்பான். அதே குழாய், அதே தண்ணீர். மாமியார் வீட்டுக்கு வந்தவன் தோரணை என்று யாரோ சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் அம்மா குதிரைப் பயிற்சிப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேதான் போய் விழுவோம். அக்கா நேரே லாயத்துக்கு ஓடுவாள். சாணி அள்ளினால் வாரத்தில் ஒருநாள் ஏற விடுவார்கள் என்பதால் கண்ணும் கருத்துமாக அள்ளினாள். எனக்குக் குதிரை என்றால் தும்மல். நான் அம்மாவின் மேசையில் உட்கார்ந்து, அவள் டீ குடிக்கப் போகும்போது தொலைபேசியை எடுத்து, பெரிய மனுஷி குரலில் பேசுவேன். அக்கா குதிரைக்காரி ஆனதும் நான் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் ஆனதும் ஒரே வாசலில் தொடங்கியவை. மாமாவை நான் அந்தப் பஸ் நிலையத்தில்தான் பார்த்துப் பிடித்தேன். அவளுக்கு ரெண்டுகால் மாப்பிள்ளை தேடிக்கொடுத்த புண்ணியம் என்னுடையது.

அக்கா ஓட்டியது பந்தயமும் இல்லை, தாண்டலும் இல்லை. டிரெஸ்ஸாஜ் என்பார்கள். நீள்சதுரமாக ஒரு மணல் களம். அதற்குள் குதிரை ஒரு வரிசைப்படி நடக்கும், துள்ளும், பக்கவாட்டில் நழுவும், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் துள்ளும். மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாதது போல் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக்கூடாது. குதிரையிடம் 'ச்சு' என்று ஒரு சத்தம் கொடுத்தாலும் மதிப்பெண் போய்விடும். வீட்டில் மூச்சு விடாமல் பேசுகிறவள் வாயைக் கட்டிக்கொண்டு ஓர் ஆட்டத்தில் பேர் வாங்கினாள் என்பதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

களத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் நிற்கும். நுழைகிற இடம் ஏ, எதிர்முனை சி, பலகை இல்லாத நட்டநடு எக்ஸ். சி-க்குப் பின்னால் தலைமை நடுவரின் கூண்டு. மற்ற எழுத்துகளுக்கு முறையே கிடையாது, தூக்கக் கலக்கத்தில் யாரோ நட்டுவைத்த மாதிரி இருக்கும். எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் வரிசை. பெரிய போட்டிகளில் அதை மனப்பாடமாக ஓட்ட வேண்டும். பயிற்சியில் யாராவது பக்கத்தில் நின்று வாசிப்பார்கள். அக்காவுக்கு வாசித்தது நான். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, "ஹெச்சிலிருந்து எஃப் வரை, நீட்டிய துள்ளல்" என்பேன். "ஏன்டி, பஸ் கெளம்பிப் போற மாதிரியே சொல்ற?" என்று மேலேயிருந்து கத்துவாள். "பஸ்ஸுன்னா சொன்ன எடத்துக்குப் போகும். நீ மொதல்ல போ" என்பேன்.

மாப்பிள்ளைக்குச் சொந்தக்காரி ஒரு பல் டாக்டர். இந்த உலகத்தில் குதிரை ஒருவருடையதாக இருக்கும், முதுகு வலி இன்னொருவருடையதாக இருக்கும். டாக்டரம்மா நல்ல மனுஷி. குதிரையை முரட்டுக் குட்டியாக வாங்கி அக்கா கையில் கொடுத்துவிட்டு, அவசரப்படுத்தாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தார். அக்கா அவனைப் படிப்படியாக மேலே கொண்டுபோனாள். கடைசியில் நாட்டின் பெரிய போட்டியில், உச்ச வகுப்பில், இரண்டு பேரும் களம் இறங்கினார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

அதைப் போல ஒரு சவாரியை நான் பார்த்ததில்லை. எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். எனக்குத் தும்மல் வரவில்லை, அதுதான் அத்தாட்சி. பாதிக்கு மேல் முடிந்து, சி-யில் இடப்பக்கம் திரும்பியபோது மணி அடித்தது. தலைமை நடுவர் கையில் ஒரு மணி இருக்கும். ஓட்டுகிறவர் வழி தவறினால் அடித்து நிறுத்தி, சரியான வழியைக் காட்டி, தொடரச் சொல்வார். அக்கா வழி தவறவில்லை. மாப்பிள்ளையின் பின்னங்கால் ஒன்று சமமாக விழவில்லை. கால் சரியில்லை என்று நடுவர் முடிவு செய்து மணியடித்துவிட்டால் சவாரி அத்தோடு முடிந்தது. அதற்கு மேல்முறையீடு கிடையாது. அக்கா அந்த நொடியே இறங்கினாள். அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவே, நடந்தே வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

காலில் தசைநார் கிழிந்திருந்தது. ஆறியது, ஆனால் போட்டிக்கு ஆகவில்லை. டாக்டரம்மா அவனை ஒரு புல்வெளியில் விட்டு, கடைசிவரை குறையில்லாமல் பார்த்துக்கொண்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமைதோறும் கேரட் வாங்கிக்கொண்டு போவாள். மாமா காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். வயதாகி அவன் செத்துப்போனபோது மாமாதான் அதிகம் அழுதார். அக்கா அழவில்லை. "அவன் நல்லா வாழ்ந்துட்டான்" என்றாள். அவளுடைய ஏக்கம் அவன்மேல் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஏங்கியது அந்தச் சவாரியின் மிச்சத்துக்காக.

ஒவ்வொரு வரிசையும் ஒரே மாதிரிதான் முடியும். களத்தின் நடுக்கோட்டில் நேராக வந்து, ஜி என்ற இடத்தில் நான்கு கால்களும் சதுரமாக நிற்க, ஒரு கையைத் தாழ்த்தித் தலை வணங்க வேண்டும். நடுவர் எழுந்து பதில் வணக்கம் சொல்வார். பிறகு கடிவாளத்தைத் தளர்த்தி, நடையில் வெளியே வரலாம். அந்த நிற்றல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. "பதக்கம் எவனுக்குடி வேணும்? பேசிட்டிருக்கும்போது வாயப் பொத்தின மாதிரி இருக்கு. முடிச்சுட்டா போதும்" என்பாள். அந்த உயரத்தில் வேறொரு குதிரையை யாரும் அவளிடம் கொடுக்கவில்லை. நல்ல குதிரைகள் இளசுகளின் கைக்குப் போய்விட்டன. அவள் காலையில் மற்றவர்களின் குதிரைகளுக்கு உடம்பு சூடு பண்ணிக் கொடுத்தாள். பிறகு குளித்துவிட்டு அந்த இளசுகளுக்கே பாடம் எடுத்தாள். வாய்விட்டு அழுதிருந்தால் பாதி பாரம் குறைந்திருக்கும். அவள் அந்த ரகம் இல்லை.

தொலைக்காட்சி வேலை அப்போதுதான் வந்தது. குதிரைப் போட்டிகளைக் காட்டத் தொடங்கியவர்களுக்கு, இதைப் பார்க்கிற ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது பெரிய தலைவலி. விளக்கிச் சொல்ல ஆள் தேடியபோது யாரோ அக்காவைக் கைகாட்டினார்கள். முதல் நாள் அவள் ஒலிவாங்கி முன் பேசியதைக் கேட்ட தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், நீங்க குதிரைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க. குதிரை எங்க டி.வி. பாக்குது? வீட்ல உக்காந்திருக்கறவங்களுக்குச் சொல்லுங்க" என்றார். அன்று சாயந்திரம் மாமாவையும் என்னையும் எதிரே உட்காரவைத்துப் பழகினாள். "பின்னங்கால் எப்படி வயித்துக்குக் கீழ வருதுன்னு பாருங்க. பாரமெல்லாம் பின்னாடி போயிடுச்சு, அதனாலதான் முன்பக்கம் பஞ்சு மாதிரி எழும்புது." மாமா யோசித்துவிட்டு, "ஃபுல் லோடு ஏத்தின பஸ்ஸு மாதிரி" என்றார். "அதேதான்" என்று அக்கா குதித்தாள். மறுநாள் அதையே நேரலையில் சொல்லி நல்ல பெயர் வாங்கினாள். மாமா தன் டிப்போவில் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்.

ஆனால் அவள் உடம்பு வர்ணனையாளர் உடம்பாக மாறவே இல்லை. களத்தில் ஒரு குதிரை கால் மாற்றினால் இவள் இடுப்பும் மாற்றும். நாற்காலி கிறீச்சிடும். வர்ணனை அறையில் எலி இருக்கிறது என்று நேயர்கள் புகார் எழுதினார்கள். ஒலிக்காரர் எண்ணெய் விட்டுப் பார்த்தார், கம்பளி சுற்றிப் பார்த்தார், கடைசியில் ஒரு கனத்த மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அதில்தான் அவள் எல்லாப் போட்டிகளையும் ஓட்டினாள்.

இன்னொன்றும் இருந்தது. சவாரி முடிந்து ஒருவர் ஜி-யில் வந்து நின்று வணங்கும்போது அக்கா ஒன்றும் பேசமாட்டாள். கூட்டம் கைதட்டி ஓயும் வரை அவள் பக்கம் சத்தமே இருக்காது. அதற்குத் தனி ரசிகர்கள் உண்டு. எப்போது பேசாமலிருக்க வேண்டும் என்று தெரிந்தவர் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். அதைப் படித்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தும் இல்லை, புரிந்தும் இல்லை. அந்த நிற்றலைப் பார்த்தால் அவளுக்குப் பேச்சு வராது, அவ்வளவுதான்.

இப்படியே பத்து வருஷம் போல ஓடிவிட்டது. இந்த வருஷம் பெரிய போட்டி எங்கள் ஊருக்கு வந்தது. தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால் தலைமை நடுவர் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அன்றைக்கு மணியடித்தவர்தான் அவர்.

இந்த ஆட்டத்தில் வெள்ளோட்டம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டி தொடங்கும் முன், காலையில், காலியான அரங்கில், போட்டியில் இல்லாத ஒருவர் முழு வரிசையையும் முறையான உடையில் ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவர்கள் அவரவர் கூண்டிலிருந்து மதிப்பெண் போட்டு, எல்லோர் கண்ணும் ஒன்றுபோல் பார்க்கிறதா என்று தங்களுக்குள் சரிபார்த்துக்கொள்வார்கள். கேமராக்காரர்கள் கோணம் பார்ப்பார்கள். அந்த மதிப்பெண்ணை யாருக்கும் சொல்வதில்லை. அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் வராது. தராசில் முதலில் வைத்துப் பார்க்கிற படிக்கல் மாதிரி. அதை ஓட்ட வேண்டியவர் லாயக் கதவில் விரலை நசுக்கிக்கொண்டுவிட்டார். பயிற்சிப் பள்ளியின் வயதான பெண்குதிரைக்கு எல்லா நடையும் அத்துப்படி. பிள்ளைகள் தப்புச் செய்தால் அங்கேயே நின்று முறைக்கும் என்பதால் அதற்கு டீச்சர் என்று பெயர். தினமும் அதை ஓட்டுகிறவள் அக்கா. "நீங்க ஓட்டறீங்களா?" என்று நடுவர் கேட்டார்.

"நான் வர்ணனைக்கு வந்திருக்கேன் சார். எனக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டாள். வைத்தவள் அலமாரியைத் திறந்து, பின்னால் இரண்டு வாலாகத் தொங்கும் பழைய கோட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"திரும்பக் கூப்பிட்டு வரேன்னு சொல்லு" என்றேன்.

"அதெல்லாம் கணக்குல வராதுடி."

"யாரோட கணக்குல? ஜியில நிக்கணும், ஜியில நிக்கணும்னு பத்து வருஷமா என் உயிர வாங்கின. அங்க நிக்கச் சொல்லிக் கூப்பிடறாங்க. கைதட்டறதுக்கு ஆள் வேணுமா உனக்கு?"

அவள் கோட்டை உதறினாள். தூசியில் நான் நாலு தும்மல் போட்டேன். அவள் போய் நடுவரைக் கூப்பிட்டாள்.

பிறகு எங்கள் வீடு களமாகிவிட்டது. சோபாவைச் சுவரோரம் தள்ளினோம். காகிதத்தில் எழுத்துகளை எழுதி ஒட்டினோம். வாசல்கதவு ஏ, பிரிட்ஜ் சி. நான் வாசிக்க, அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடத்தில் துள்ளினாள். ஐம்பதைத் தாண்டியவள் நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றித் துள்ளுவதைப் பார்க்க ஒரு மனத்திடம் வேண்டும். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "மாவு மெஷின் ஏதும் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வரிசையை நடுவில் ஒரு முறை மாற்றியிருந்தார்கள். பழையதில் சி-யில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். புதியதில் வலப்பக்கம். இது அக்காவுக்குத் தெரியாததா? வருஷக்கணக்காக நேயர்களுக்கு அவள்தான் சொல்லிவருகிறாள். ஆனாலும் பிரிட்ஜிடம் வந்ததும் கால் தானாக இடப்பக்கம் போனது. "வலது! வலது!" என்று கத்தினேன். "தெரியும்டி" என்றாள். மறுபடி இடப்பக்கம் போனாள். மூன்றாம் நாள்தான் ஒழுங்காக வந்தது. அப்போதும் நம்பாமல் பிரிட்ஜின்மேல் வலப்பக்கம் ஓர் அம்புக்குறி போட்டு ஒட்டினேன்.

வெள்ளோட்டத்தன்று இன்னொரு கூத்து. அந்த நேரத்தில்தான் ஒலிக்காரர் வர்ணனை அறையில் குரலின் அளவைச் சரிபார்ப்பார். குரலுக்குச் சொந்தக்காரியோ குதிரைமேல். "என் தங்கச்சி வருவா. மைக்கு அவளுக்குப் புதுசில்ல" என்று அக்கா சொல்லிவிட்டாள். காதில் கனமான ஹெட்போனை மாட்டி என்னை அந்த மர ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். "நீங்க பேசறது எனக்கு மட்டும்தாம்மா கேக்கும். வெளிய எங்கயும் போகாது. பயப்படாம எதயாவது பேசிட்டே இருங்க" என்றார் ஒலிக்காரர். களத்தின் ஓரத்தில், சி-க்குக் கீழே பூந்தொட்டிகளுக்குள், சின்னச் சின்ன ஒலிவாங்கிகள் மறைத்துவைத்திருந்தார்கள். குளம்புச் சத்தமும் குதிரையின் மூச்சும் நேயர்களுக்குக் கேட்பதற்காக. எனக்கு அவை காதுக்குள்ளேயே கேட்டன.

கண்ணாடிக்கு வெளியே அரங்கம் காலியாகக் கிடந்தது. துப்புரவுக்காரர்கள் இரண்டு பேர் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மதிப்பெண் பலகையில் யாரோ ஏணி போட்டு ஏறி நின்றார்கள். ஏ-யில் வேலி திறந்து அக்கா உள்ளே வந்தாள். கோட்டுப் பொத்தான் மூடுவதற்கு மாமாவும் நானும் காலையில் எவ்வளவு பாடுபட்டோம் என்பது அந்தத் தூரத்தில் தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் அக்காவா இது என்று இருந்தது.

"ஏ-யில் நுழைவு. எக்ஸில் நிறுத்தம், வணக்கம்" என்று வாசிக்கத் தொடங்கினேன். ஒலிக்காரர் சிரித்தார். "எந்த பிளாட்பாரம்?" என்றார். நான் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொன்றாக வாசித்தேன். அக்காவுக்குக் கேட்காது என்று தெரிந்தும், கேட்கிற மாதிரியே, ஒரு மூச்சு முன்னதாகச் சொன்னேன். டீச்சர் காதைப் பின்னால் சாய்த்து, அக்கா மனசில் நினைப்பதை ஒட்டுக்கேட்கிற மாதிரி போனது. நீட்டிய துள்ளலில் மணல் பறந்தது. குறுக்கே நழுவும்போது கால்கள் பின்னிப் பின்னிப் பிரிந்தன. எங்கேயும் அவசரம் இல்லை. இருக்கை துடைத்தவர்களில் ஒருவர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார்.

"சி-யில் வலப்பக்கம்" என்றேன்.

அக்கா இடப்பக்கம் திரும்பினாள்.

மணி அடித்தது.

வழி தவறியதற்கான மணி. நிறுத்தி, சரியான வழியைக் கேட்டு, தொடர வேண்டியதுதான். அவள் அதை நேயர்களுக்கு நூறு தடவை விளக்கியிருக்கிறாள். ஆனால் அதே திருப்பம், அதே கூண்டு, மணியடித்த அதே கை. அக்கா குதிரையை நிறுத்தினாள். வலது காலை அங்கவடி வளையத்திலிருந்து உருவினாள். முன்னால் சாய்ந்தாள். இறங்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இறங்கினால் எல்லாம் முடிந்தது. பத்து வருஷம் ஏங்கியது இன்னொரு முறை பாதியில் போய்விடும், அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடப்போவதில்லை.

"எறங்காதே!" என்று கத்தினேன். "அக்கா, எறங்காதே! வழிதான் தப்பு, எறங்காதே!"

ஒலிக்காரர் காதிலிருந்து கருவியைப் பிய்த்துப் போட்டார். இந்த வாய் ஒரு பஸ் நிலையத்தையே திரும்பிப் பார்க்கவைத்த வாய். அன்று அது கண்ணாடியைத் தாண்டவில்லை.

நடுவர் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். பூந்தொட்டி ஒலிவாங்கிகளில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அதன்பின் அக்காவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

"எந்தக் கால் சார்?"

"என்னம்மா?"

"எந்தக் கால் சரியில்ல?"

நடுவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவருக்கும் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். குதிரையின் கழுத்தில் கைவைத்தார். "கால் நாலும் நல்லா இருக்கும்மா. வழிதான் தப்பு. நீங்க வலப்பக்கம் போகணும்" என்றார். "கால நல்லா உள்ள போடுங்க. மெதுவா கெளம்புங்க."

அக்கா குனிந்து டீச்சரின் முன்னங்காலைப் பார்த்தாள். இன்னொரு பக்கமும் குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு விட்டது என் காதுக்குள் கேட்டது. காலை அங்கவடிக்குள் நுழைத்தாள். வலப்பக்கம் போனாள்.

அதற்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. எழுத்துகள் கண்ணில் தெரியவில்லை, கலங்கிவிட்டன. ஒலிக்காரரும் பேசச் சொல்லவில்லை. அவர் கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். மூலைவிட்டத்தில் டீச்சர் ஒவ்வொரு எட்டுக்கும் கால் மாற்றிக்கொண்டு வந்தபோது என் ஸ்டூலும் ஆடியது. அப்புறம் கடைசித் திருப்பம். நடுக்கோடு. எக்ஸில் நின்ற இடத்திலேயே துள்ளல், கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிட்டது, பரவாயில்லை. அங்கிருந்து மிதந்து மிதந்து ஜி வரை வந்து, நின்றது. நாலு காலும் சதுரமாக நின்றது. கடிவாளங்களை ஒரு கைக்கு மாற்றி, மறுகையைத் தாழ்த்தி, என் அக்கா தலை வணங்கினாள்.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. நடுவர்கள் எல்லோரும் குனிந்து மதிப்பெண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூண்டிலிருந்து இன்னொன்றுக்கு வாக்கி-டாக்கியில் ஏதோ வாக்குவாதம். வெள்ளோட்டக்காரர்களுக்குப் பெரும்பாலும் பதில் வணக்கம் கிடைப்பதில்லை; அவர்களும் எதிர்பார்க்காமல் போய்விடுவார்கள். அக்கா போகவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கூட்டிக் கழிக்கறத அப்புறம் வெச்சுக்கக் கூடாதா? ஒரு தடவ தலைய நிமித்திப் பாத்தா என்ன கொறஞ்சு போகுது இவங்களுக்கு?" என்றேன். "எனக்கு மட்டும்தாம்மா கேக்குது" என்றார் ஒலிக்காரர், பாவம்.

தலைமை நடுவர் தற்செயலாக நிமிர்ந்தார். அவள் நிற்பதைப் பார்த்தார். எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராக நின்று, தலை தாழ்த்தினார். இருக்கை துடைத்தவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கைதட்டினார், ஒற்றை ஆளாக.

எல்லாம் ஆகிவிட்டது. இனிக் கடிவாளத்தைத் தளர்த்தி வெளியே வரலாம். அக்கா வரவில்லை. அவள் நடுவருக்காகக் காத்திருந்தாள் என்று நான் நினைத்தது தப்பு. களப் பணியாளர் ஒருவர் வேலியோரம் வந்து, "மேடம், மணல் சமப்படுத்தணும். மொத போட்டிக்காரங்க வந்துட்டாங்க" என்றார். "ஒரு நிமிஷம்ப்பா" என்றாள் அக்கா. டீச்சர் ஆடாமல் அசையாமல் நின்றது. அதன் காது மட்டும் திரும்பியது. பணியாளர் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவரைப் பார்த்தார். நடுவர் இருக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். காலி இருக்கைகள், ஏணி, பூந்தொட்டிகள், எங்கள் கண்ணாடி அறை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் கடிவாளத்தை விட்டாள்.

குதிரையை ஒப்படைத்துவிட்டு அவள் மேலே வந்தபோது முதல் போட்டியாளர் களத்துக்கு வெளியே குதிரையைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தார். பூட்ஸில் மணலோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல், என்னை எழுப்பிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒலிக்காரர் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள். தயாரிப்பாளர் ஹெட்போனில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நேரலைக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. நான் என் கைக்குட்டையை நீட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, தீந்துச்சா?" என்று கேட்டேன். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

அவள் ஒலிவாங்கியை வாயருகே இழுத்து வைத்துக்கொண்டாள். கண் களத்தில் இருந்தது. அங்கே மணலைச் சமப்படுத்துகிற வண்டி நடுக்கோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்டி" என்றாள்.